அப்பாவின் வேகம்

மினோரி,

மிசோ சூப் அடுப்பில் இருக்கிறது. சுட வை, கொதிக்க விடாதே.

அப்பா போனதிலிருந்து ஊமையாகக் கிடந்த டேப் ரெக்கார்டர், பழைய சாமான் கடையில் கிடைத்த இன்னொரு செத்த ரெக்கார்டரின் மோட்டாரையும் பெல்ட்டையும் மாட்டியதும் அப்பாவின் குரலில் பேசிவிட்டது. எந்த வேகத்தில் என்பதுதான் நம் சண்டை. "அம்மா, அப்பா என்ன ஆமையா? இவ்வளவு இழுத்து எப்பப் பேசினாரு?" என்றாய். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்க முப்பது வருஷம் காத்திருந்தவள் நான்.

இன்று நடுவர் கிடைத்துவிட்டார். கேசட்டில் அப்பா, "ஐயோ, பூனை என் மீனைத் தின்னுடுச்சு!" என்று கத்தும்போது, பின்னால் ஊர் ஒலிபெருக்கி தினமும் போடும் ஐந்து மணி மெட்டு கேட்கிறது. இன்று ஐந்துக்குச் சன்னலைத் திறந்து அந்த இடத்தை ஓட விடு. மோட்டாரின் பின்துளையில் இருக்கும் வேகத் திருகைத் திருப்பிக்கொண்டே வா. வெளியே கேட்கும் மெட்டும் பெட்டிக்குள் கேட்பதும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்து. அதுதான் அப்பா.

நீயே திருப்பு. நான் ஆற்றங்கரையில் இருப்பேன்.

அம்மா

தோற்றவர் இன்று பாத்திரம் கழுவ வேண்டும்.

இன்னொன்று: நீ சொன்னதே சரியென்றால், பாத்திரத்தை நானே கழுவுகிறேன். திருகை மட்டும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிடு.