ஏரி மண்ணைப் பாறை என்று எழுதியவள்

இன்று காலை செய்தித்தாளுக்குள்ளிருந்து வழவழப்பான நோட்டீஸ் ஒன்று விழுந்தது. நான்கு மாடிப் பள்ளிக்கூடத்தின் படம், மாணவர் சேர்க்கை ஆரம்பம். கீழே ஒரு வரி: ‘பாறை போல் உறுதியான கட்டடம்.’ ஆத்திரத்தில் அதைக் கசக்கினேன். அந்தப் பாறையை உண்டாக்கியவள் நானல்லவா?

உனக்கு அந்த இடம் தெரியும். சேலத்தின் ஓரத்தில் மண் கொட்டி மூடிய ஏரி. நிலம் அதிர்ந்தால் அங்கே எழப்போகும் பள்ளி எப்படி ஆடும் என்று கணினியில் பார்த்துச் சொல்வது நம் இருவரின் வேலை. ஆத்தூர்ப் பக்கம் பூமிக்கடியில் போகும் பழைய பிளவை நீ திரையில் வரைந்தாய். நிரலை ஓட்டியதும் ஒரு முனையில் பாறை உடைந்தது. உடைப்பு பிளவின் நெடுக ஓடியது. அதிர்வு ஊருக்குள் வந்தது. பாறைக் குன்றான கரட்டைத் தொட்டபோது அதிர்வைக் காட்டும் கோடு லேசாகத்தான் நெளிந்தது. ஏரிக்குள் நுழைந்ததும் எழும்பியது, அடங்கவே இல்லை. கொட்டிய மண் அதிர்வை வெளியே விடாமல் வைத்து ஆட்டுகிறது என்றாய். திரும்பத் திரும்ப ஓட்டினோம். அதேதான்.

மேலாளர் குரலை உயர்த்தாமலே சொன்னார். “இங்க எந்தக் காலத்துலங்க நிலநடுக்கம் வந்துச்சு? மண்ணுங்கற எடத்துல பாறைன்னு மாத்திப் போட்டுருங்க, போதும்.”

முடியாது என்று நீ எழுந்து போனாய். அதோடு உனக்கு வேலை போயிற்று. நான் என் இடத்துக்குத் திரும்பினேன். ஏரி மண்ணைப் பாறையாக்கினேன், கோடு அடங்கியது. அறிக்கையின் அடியில் கையெழுத்தும் போட்டேன்.

பிறகு ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. மோகனூரில் உன் வீட்டுக்கு அந்த மேலாளரும் மாலையோடு வந்திருந்தார். நேர்மையான பெண் என்று உன் அப்பாவிடம் சொன்னார். உன் அப்பா கைகூப்பினார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று திறந்தேன். நேரே பள்ளிக்குப் போய், தலைமையாசிரியையின் மேசையில் உன் கோடு இருந்த தாளையும் என் கோடு இருந்த தாளையும் வைத்தேன். எது பொய் என்று கேட்டார். என்னுடையது என்றேன். அவர் காகிதத்திலிருந்து நிமிர்ந்தார்.

“இத்தன நாளா நீங்க எங்கீங்க இருந்தீங்க?”

மண்ணைத் தோண்டிச் சோதித்து முடிக்கும்வரை ஒரு பிள்ளையையும் உள்ளே விடமாட்டேன், சேர்க்கையை நிறுத்துகிறேன் என்றார். மதியத்துக்குள் மேலாளரின் போன் வந்தது: நாளையிலிருந்து நானும் வரவேண்டாம்.

கோபம் தீரவில்லை. அவர் மேல், அந்த மாலையின் மேல். உன் மேலும்கூட. அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று பஸ்ஸில் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அது பொய். அன்று படிக்கட்டில் என் கையைப் பிடித்தாய். “வா புள்ள, போயிரலாம். உன்ற மகள அந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பியா, சொல்லு” என்றாய். உதறிவிட்டு மேலே ஏறியவள் நான். அந்தக் கைதான் இப்போது உனக்கு எழுதுகிறது.