தொண்டூர்க் கல்யாணத்தில் உன் குரல்

என் அன்பு அண்ணாவுக்கு,

தொண்டூர்க் கல்யாணத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் இதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று, அந்தக் கல்யாண வீடியோ உன் லேப்டாப்பில் பாதியில் நின்றிருந்தது. தாலி கட்டும் வரை நீயே வெட்டி ஒட்டியிருந்தாய். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் மேடையேறிப் பரிசு கொடுக்கும் பகுதி, எடுத்தது எடுத்தபடி கிடந்தது. உன்னிடம் வேலை கொடுத்திருந்த மற்றவர்கள் எல்லாம் தங்கள் வீடியோவை வாங்கிக்கொண்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா ஏழுமலை மட்டும் உன் கருமாதிக்கு வந்தார், சாப்பிட்டார், வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

போன மாதம்தான் போன் செய்தார். பெண் கலைவாணி கணவனோடு ஓசூருக்குக் குடிபோகிறாள். போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க ஆசைப்படுகிறாள். "முடிஞ்சா பாரும்மா. முடியலன்னா வுட்டுடு, ஒண்ணும் இல்ல" என்றார். அந்த "வுட்டுடு"தான் என்னை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் தினமும் உட்கார்ந்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைத் தமிழில் அடித்துக் கொடுத்த பழக்கம் இருந்ததால் தட்டுத் தடுமாறி முடித்தேன்.

ஆனால் டிவியில் பார்க்காமல் டிவிடி போட முடியுமா? லேப்டாப் திரையில் முழுதாகத் தெரிவது நம் பழைய டிவியில் ஓரம் வெட்டுப்படும். பெயரில் பாதி போய்விடும், வரிசையில் கடைசியாக நிற்கும் மாமாவே காணாமல் போய்விடுவார். அதனால்தானே நீ ஒவ்வொரு கல்யாணத்தையும் நம் வீட்டு டிவியில் போட்டு, அம்மாவை முன்னால் உட்கார வைப்பாய்? நீ டிவியைப் பார்க்க மாட்டாய். அம்மா முகத்தைப் பார்ப்பாய். அம்மா கொட்டாவி விட்ட இடத்தில் கத்தரி விழும். முன்பின் தெரியாத கல்யாணங்களைப் பார்த்து அழுகிற ஒரே பெண் நம் அம்மாதான் என்று நீ கேலி செய்வாய்.

நீ போன பிறகு அந்த டிவி ஓடவே இல்லை. உன் பழைய வேட்டி ஒன்றை அம்மா அதன்மேல் போர்த்தி வைத்திருந்தாள். சீரியலும் இல்லை, செய்தியும் இல்லை. பக்கத்து வீட்டு டிவியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஏன், நம்ம டிவிக்கு இன்னா கேடு?" என்று எழுந்து போய் அம்மாவே அந்த வேட்டியை எடுத்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அப்பாவும் மகளும் வந்தார்கள். ஒரு பை நிறைய வேர்க்கடலை. அம்மா முறத்தில் கொட்டி உரித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தாள். செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வரும் பாட்டு முடிந்தது. நீ வெட்டிய பகுதியில் அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. என் பகுதி வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த அம்மாவுக்குப் பாதித் தல போயிடுச்சி பாருடி."

"அது எங்க பெரிய அத்த" என்றாள் கலைவாணி. "நேர்லயும் அப்படித்தான் பெரீம்மா. எதுக்கும் பாதிதான் தலையக் காட்டுவாங்க."

அம்மா சிரித்தாள். அண்ணா, அம்மா சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

அந்த நேரம் பார்த்துத்தான் நாதஸ்வரத்துக்கு அடியில் நீ பேசினாய்.

"பொண்ணு, சிரிம்மா. மாப்ள ஒண்ணும் கடிக்க மாட்டாரு."

மேடையில் விறைத்துக்கொண்டு நின்ற கலைவாணி களுக்கென்று சிரித்துவிடுகிறாள். "ஆங், அதான். அப்படியே இரு" என்கிறாய்.

இது என் தவறுதான். உன் குரல் வரும் இடங்களிலெல்லாம் படம் எடுக்கும்போது பதிவாகிக் கீழே ஓடும் சத்தத்தை நீ முழுதாக எடுத்துவிடுவாய். நான் மேலே நாதஸ்வரத்தைப் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். லேப்டாப்பின் நசுங்கிய ஒலிபெருக்கியில் அது எனக்குக் கேட்கவும் இல்லை. டிவியில் நீ கூடத்தின் நடுவே நின்று பேசுவது போல இருந்தது.

நான் படத்தை நிறுத்தினேன். அம்மா கையில் ஒரு கடலை உரிபடாமல் நின்றது. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிடப்போகிறது என்று பயந்தேன்.

"அவன் கொரலு கீழ ஓடுது" என்றாள் அம்மா, சாதாரணமாக. "அவனுக்குப் புடிக்காது. எடுத்துடு."

"சரிம்மா."

"எந்த எடம்னு சரியாப் பாத்துக்கோ. திரும்பப் போடு."

போட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் முன்னாலருந்து போடு. ஆரம்பம் சரியாத் தெரியல."

மறுபடி போட்டேன். ஆரம்பம் எங்கே என்று முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் தெரியாதது போலவே இருந்தோம். அடுத்த தடவை அவள் சொல்லாமலே போட்டேன்.

கலைவாணிதான் பேசினாள். "எடுக்க வேணாம் பெரீம்மா. அத எடுத்துட்டா நான் எதுக்கு சிரிக்கிறேன்னே தெரியாது. லூசு மாரி தனியா சிரிச்சினு நிப்பேன்."

"காலையிலருந்து மூஞ்சத் தூக்கி வச்சினு இருந்துது இது" என்றார் ஏழுமலை. "தம்பி சொன்னப்புறந்தான் பல்லே தெரிஞ்சிது."

"இல்லப்பா. படம் புடிக்கிறவன் படத்துல வரக்கூடாதுன்னுவான். உங்க வூட்டுக் கல்யாணம் அது. அவன் பேச்சு எதுக்கு?" என்றாள் அம்மா.

"அண்ணன் எங்க கல்யாணத்துல இருந்தாரு இல்ல பெரீம்மா?" என்றாள் அந்தப் பெண். "இருந்தவரு இருக்கட்டும்."

அம்மா முறத்திலிருந்த கடலைத் தோலை ஒதுக்கினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "அப்ப அந்த எடத்துல மேளத்தக் கொறைடி. கேக்கறதுன்னா நல்லாக் கேக்கட்டும். இன்னாத்துக்கு அரைகொறையா?"

குறைத்தேன். இப்போது நீ பேசுவது தெளிவாகக் கேட்கிறது. டிவிடியில் பதிந்து முடிந்ததும் ஏழுமலை அதை மேல்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். செஞ்சியைச் சுற்றி எத்தனை வீடுகளில் நீ எடுத்த வீடியோ இருக்கிறது! எத்தனை பெண்கள் அதில் திடீரென்று சிரிக்கிறார்கள்! யார் சிரிக்க வைத்தார் என்பதை ஒவ்வொன்றிலும் நீயே அழித்திருக்கிறாய். உனக்கு அப்போது வருத்தமாக இருக்காதா? இல்லை, அவர்கள் சிரித்தால் போதும் என்று இருந்துவிட்டாயா? உன்னிடம் இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை புத்தகம் படித்து என்ன பயன், சொல்.

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், நமக்கும் ஒன்று போட்டு வைக்கட்டுமா என்று.

"வேணாம்" என்றாள் உடனே. "வூட்டுல இருந்தா அதையே போட்டுனு குந்தினு இருப்பேன். அடுப்பு எரியாது, துணி தொவைக்க மாட்டேன். உனக்கு யாரு சோறு போடறது?"

அதனால் இன்று உன் குரல் தொண்டூரில், யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நம் வீட்டில் போட்டுக் கேட்க ஒரு டிவிடி இல்லை.  ஆனாலும் அம்மா சொன்னது அவளுக்குச் சரி. துக்கத்தில்கூட அவள் நாளைக்கு என்ன சமைப்பது என்பதை விடவில்லை. நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

நம் வீட்டு விஷயத்தை இப்படிப் பத்திரிகையில் நாலு பேர் படிக்க எழுதுவது எனக்குக் கூச்சம்தான். உனக்கும் பிடிக்காது. ஆனால் தொண்டூர்க்காரர்கள் இதைப் படித்தால் அந்த டிவிடியைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

அந்த வீடியோ இருக்கும் உன் ஹார்டு டிஸ்க் என் பீரோவில், என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அம்மா வெளியே போயிருக்கும்போது எடுத்து நான் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். கை போகிறது. ஆனால் கேட்க மாட்டேன் அண்ணா, இது சத்தியம். அம்மா ஒருநாள் தானாகவே கேட்பாள், "அந்தத் தொண்டூர்க் கல்யாணத்தப் போடுடி" என்று. அன்று நான் வேறெதுவும் கேட்காமல் போட்டுவிட்டு அவளோடு உட்காருவேன். அதுவரைக்கும் நீ எனக்கும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது ஒரே பிள்ளையாகிவிட்ட,
உன் தங்கச்சி