சேஹ்ரா கட்டியவனுக்கு

வாணியம்பாடி,
ஜூலை 2002

ஞானசீலா,

நலம் விசாரிக்க மனமில்லை. பாகாயத்தில் படிக்கப்போகும் என் மகளுக்காக உன் மாடி வீட்டைக் கேட்டு புரோக்கரை அனுப்பியது நான்தான். தெரிந்தால் வாடகையே வாங்கமாட்டாய் என்று என் பெயரை மறைத்தேன்!

"பாய்ங்களுக்கு வீடு விடறதில்லப்பா" என்றாயாம்.

பள்ளியில் நாம் தமிழில் படித்த பாய், விரித்துப் படுப்பது. எங்கள் வீட்டு உருதுவில் பாய் என்றால் உடன்பிறந்தவன். நீ சொன்னது எந்த மொழி?

நிக்காஹ்வில் எனக்குச் சேஹ்ரா கட்ட அண்ணன் தம்பி இல்லை. என் முகத்தை மறைத்த அந்தப் பூச்சரத்தைக் கட்டியவன் நீ. "இன்னா பாய், மூஞ்சியே தெரியல" என்று சிரித்தாய். அன்று அது எனக்கு உருதுவாகத்தான் கேட்டது.

இப்போது முகம் தெரிகிறதா?

இப்படிக்கு,
ஒரு பாய்