எட்டு இன்ச் போதும், சகலை

சகலை,

இன்று காலை தச்சநல்லூர் கடையில் உம்முடைய காரின் டிக்கியைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வேறொரு வண்டிக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். கார்ப்பெட் ஒட்டுகிற பசையின் வாடை குப்பென்று வந்தது. நம் வண்டியில் ஒரு வயர் தளர்ந்து பாட்டு விட்டுவிட்டு வந்தது, அதற்காகத்தான் போயிருந்தேன். கடைக்காரர் வயரைச் சரிசெய்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னுமா இந்த எட்டு இன்ச் சப்வூஃபர வச்சு ஓட்டுதீங்க? பன்னெண்டு போட்டுருவோமா? இப்ப நல்ல சரக்கு வந்திருக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த வாடை மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அக்காளை நீர் கட்டினீர், தங்கச்சியை நான் கட்டினேன். முறையில் நீர் மூத்தவர், வயதில் நான் மூத்தவன். யார் யாரை அண்ணாச்சி என்று கூப்பிடுவது என்கிற வழக்கு கடைசிவரை தீரவில்லை. சகலை என்றும் நீர் என்றும் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டோம். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏலம் போடுகிற எனக்குப் பாட்டு என்றால் கடையில் ஏதோ ஓடும், அவ்வளவுதான். உமக்கு அப்படி இல்லை. கல்யாண வீட்டில் பந்தி போட்டாலும் தவில்காரர் பக்கத்திலிருந்து எழுந்து வராமல் மதினியிடம் ஏச்சு வாங்குகிற ஆள் நீர்.

உமக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் திருநெல்வேலிக்கு டயாலிசிஸ் என்று ஆயிற்று. உம் வண்டியை நான் ஓட்ட, நீர் பக்கத்தில் உட்கார்ந்து என் ஓட்டுதலைக் குறை சொல்லிக்கொண்டே வருவீர். போகும்போது பேச்சுக்குப் பஞ்சமில்லை. திரும்பும்போதுதான் கஷ்டம். தலை வலிக்கும், கால் இழுக்கும், சின்னச் சத்தம்கூட ஆகாது. சரி, பேசாமல் ஓட்டுவோம் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டால் அதுவும் உமக்கு ஆகாது. "சத்தமில்லாம வந்தா நீரு ரோட்ட விட்டுட்டு என் மூஞ்சியவே பாக்கீரு. எனக்குப் பயமா இருக்குவே. பாட்டப் போடும்" என்பீர்.

பாட்டைப் போட்டால் வேறு தொல்லை. உம் தலைக்காகச் சத்தத்தைக் குறைத்தால், பாடுகிறவர் ஜலதோஷம் பிடித்து மூக்கால் பாடுவதுபோல இருக்கும். தாளம் இருக்கிற இடமே தெரியாது. கூட்டினால் உமக்குத் தலை வெடிக்கும். ஊசி குத்திப் படுத்துக் கிடந்த நேரத்திலெல்லாம் போனில் அதையே படித்தீர் போலிருக்கிறது. ஒருநாள் வண்டியில் ஏறியதும் ஏறாததுமாக, "சப்வூஃபர் போடணும் சகலை" என்றீர். நான் வண்டியை எடுக்காமல் உம்மையே பார்த்தேன். "கல்லூரிப் பயலுவ ரோட்டையே அதிர வைக்கதுக்குப் போடுதானுவளே, அதுக்கு இல்ல. அடிச்சத்தம் முழுசா இருந்தா பாட்டப் பைய வச்சே கேக்கலாம். எனக்குப் பைய கேக்கணும்வே."

மதினி தலையில் அடித்துக்கொண்டாள். "உடம்பு இருக்குத இருப்புல இவருக்கு டப்பா கேக்குது." என் வீட்டிலும் அதே கச்சேரிதான். ஆனால் உம்முடைய முகத்தில் ஆசை என்று ஒன்றைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. உம்மை நேராகத் தச்சநல்லூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். பெரிய வட்டம் என்றால் சத்தம் ஆழமாகப் போகும், ஆனால் பெட்டியும் பெரிதாக வேண்டும். சின்னது அவ்வளவு ஆழம் போகாது, அடி மட்டும் சுருக்கென்று விழுந்து சுருக்கென்று நிற்கும். வண்டியின் அளவைப் பார்த்து எடுங்கள் என்றார். நீர் எங்கே காதில் வாங்கினீர்! பன்னிரண்டு இன்ச்சில் ஒற்றைக்காலில் நின்றீர். பெட்டியை வைத்ததும் டிக்கியில் ஒரு தேங்காய் உருட்டக்கூட இடமில்லை. "இனிமே வாழைத்தார எங்கன வைக்க? உம்ம மடியிலயா?" என்றேன். "வையும், நான் பாட்டுக் கேட்டுக்கிட்டே பழுக்க வச்சுத் தாரேன்" என்றீர். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம் உமக்கு.

உம் இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்களே, அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே வண்டு முரலுவதுபோல ஓயாமல் ஓர் அதிர்வு. அது இருக்கிறவரைதான் அந்தக் கை உதவும், நின்றுவிட்டால் உடனே ஓடி வரணும் என்று நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தது. அன்றிலிருந்து உம் வலது கை விரல் அந்த இடத்திலேயேதான் கிடந்தது. பேசும்போதும் அங்கே, சாப்பிட்டு முடித்தாலும் அங்கே. வண்டியைக் கிளப்புமுன் என்னிடமும் கையை நீட்டுவீர். "பாரும்வே, ஓடுதா?" நான் தொட்டுப் பார்த்து "ஓடுது" என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திருகலாம்.

பன்னிரண்டு இன்ச் போட்ட பிறகு முதல் தடவை திரும்பி வந்தோம். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். அப்படியும் இருக்கை, கதவு, கண்ணாடி எல்லாம் மெல்ல அதிர்ந்துகொண்டே வந்தன. நீர் கண்ணை மூடிச் சிரித்த முகமாக இருந்தீர். செய்துங்கநல்லூர் தாண்டியதும் அந்தச் சிரிப்பு போயிற்று. விரல் கையிலேயே அழுந்தி இருந்தது.

"சகலை, தெரியலவே. ஓடுதா நின்னுட்டான்னு தெரியல."

ஓரமாக நிறுத்தி உம் கையைப் பிடித்தேன். என் விரலுக்கு எல்லாமே அதிர்ந்தது. உம் கை அதிர்ந்தது, என் தொடை அதிர்ந்தது. எது வண்டி, எது நீர் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கே திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். உம் முகத்தில் ஈயாடவில்லை. பதற்றத்தில் கியரைப் போடத் தெரியாமல் போட்டு வண்டி அணைந்துபோயிற்று. நல்லவேளை, நான் சாவியையும் பிடுங்கிவிட்டேன். பாட்டு நின்றது. அதிர்வெல்லாம் நின்றது. வாழைத்தோப்பில் காற்று மட்டும் கேட்டது. என் விரலுக்கு அடியில் வண்டு முரன்றுகொண்டிருந்தது.

"இருக்குவே" என்றேன். "இருக்கு சகலை, ஓடுது."

நீர் அழுதீர். பிறகு நான் அழுதேன். பிறகு இரண்டுபேரும் பைத்தியக்காரர்கள் மாதிரிச் சிரித்தோம். மாடு பத்திக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுபடி தச்சநல்லூர். இந்தத் தடவை நீர் எதையும் படித்துவிட்டு வரவில்லை. இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையில் விரலை வைத்துக்கொண்டு, "இப்பப் போடும்" என்றீர். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "பிரஷர் பாக்கீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். பத்து இன்ச்சை வைத்தார். "தவில் கேக்குது, கை கேக்கல" என்றீர். அப்புறம் காற்றுப் போக ஓட்டை இல்லாத சின்ன மூடிய பெட்டியில் எட்டு இன்ச்சை டிக்கியின் ஒரு மூலையில், இருக்கையைத் தொடாமல் வைத்தார். நீர் விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தீர். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு பாதி ஓடிவிட்டது.

"தவில்ல கம்பு படுத பக்கம் சுத்தமா விழுது. விழுந்த இடத்துலயே நிக்கி. இங்கன நான் ஓடுதேன். ரெண்டும் தனித்தனியாத் தெரியுது. எட்டு இன்ச் போதும், சகலை."

டிக்கியில் தாருக்கும் இடம் கிடைத்தது. அதைச் சொன்னால், "உமக்கு அதுதானவே கவலை" என்பீர்.

அந்த வழியில் அதற்கப்புறம் எத்தனை பாட்டுக் கேட்டோம்! வலது பக்கம் வயல், இடது பக்கம் வாழை, நடுவில் நீர் அரைக்கண் மூடிக்கொண்டு, "இந்த இடத்தக் கேளும்" என்று என் தொடையில் தட்டுவீர். முதலில் உம் மனசு கோணக்கூடாது என்று கேட்டேன். பிறகு எனக்கே கேட்க ஆரம்பித்துவிட்டது. ஏலத்தில் தார் எண்ணும்போதுகூட கடை ரேடியோவில் தவில் எங்கே விழுகிறது என்று காது போகிறது. எங்கள் ஆட்கள் என்னை ஒருமாதிரியாகப் பார்க்கிறார்கள்.

கடைசியில் காய்ச்சலாக வந்தது. நெஞ்சில் சளி என்றார்கள், பிறகு வேறென்னவோ சொன்னார்கள். உம் வலது கையை மதினி பிடித்துக்கொண்டிருந்தாள். இடது கைப் பக்கம் நான் நின்றேன். எப்போதும்போல விரலை வைத்தேன். அங்கே பாட்டு ஓடவில்லை, வண்டி ஓடவில்லை, நம்மை ஏமாற்ற ஒன்றுமே இல்லை. அழுத்திப் பார்த்தேன். சற்று மேலே தள்ளி வைத்துப் பார்த்தேன். டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மதினி என்னைப் பார்த்தாள். "ஓடுது" என்று சொல்லிவிட மாட்டேனா என்று பார்த்தாள். நர்சம்மா வந்து என் விரலை எடுத்துவிட வேண்டியிருந்தது.

எனக்கு உம்மை ரொம்பத் தேடுது சகலை. இதை நேரில் சொல்லியிருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பீர்.

இன்றைக்குக் கடையிலிருந்து வரும் வழியில் பாளையங்கோட்டையில் மதினியை ஏற்றிக்கொண்டேன். பென்ஷன் வேலையாக வந்திருந்தாள். நீர் போன பிறகு இந்த வண்டியில் அவள் ஏறுவது இதுதான் முதல் தடவை. பின்னால் உட்காரப் போனவள், என்ன நினைத்தாளோ, முன்னால் வந்து உம் இடத்தில் உட்கார்ந்தாள். பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது.  கருங்குளம் தாண்டியதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் சத்தமாத்தான் வையுங்களேன். இனி யாருக்குத் தல வலிக்கப் போவுது?" என்றாள்.

நான் கையைக் கொண்டுபோனேன். திருகில் விரலும் பட்டது. திருக வரவில்லை சகலை. மதினி என் கையைப் பார்த்தாள். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். உமக்கு வலிக்காத அளவிலேயே பாட்டு ஓட, வீடு வந்து சேர்ந்தோம்.