எல்லாம் சரியாகச் செய்தும் செத்துப்போனவள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முட்டிவலியும் நலம். உன் நலத்தை நாலு மாதமாக அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், உன் வாயால் கேட்க ஆசை. நீ போன் செய்தால் அவள் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறாள், நான் துணி காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே போகிறேன், இப்போதெல்லாம் காய்ந்த துணியைக்கூடத் திரும்பக் காயப்போடுகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆடுகிறவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதன்படி கதை கிளைபிரிகிற விளையாட்டை எப்படி எழுதுவது, கதைத் துண்டு எழுதிய ஒரு பெட்டியிலிருந்து அடுத்த துண்டு இருக்கும் பெட்டிக்கு எப்படிக் கோடு இழுப்பது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கச் சொன்னதாக அம்மா உன்னிடம் கேட்டாளே, அதெல்லாம் நான் கேட்டது. அவருக்கு டிவி ரிமோட்டே பிடிபடாது. நல்ல வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யப் போகிறேன் என்று நீ சொன்னபோது, படித்த படிப்புக்கு இது தப்பான வழி, இனிப் பேச ஒன்றுமில்லை என்று சொன்ன அதே அப்பாதான். எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு வந்திருக்கும் புது முதல்வர், ஆளுக்கு ஒரு பாடத்தை இப்படி விளையாட்டாகச் செய்து தரவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். உன்னிடம் நேரே கேட்க எனக்கு முகமில்லை.

என் கதையில் ஒரு எலக்ட்ரீஷியன் ஓடாத மின்விசிறியைப் பார்க்க ஒரு வீட்டுக்குப் போகிறான். மெயினை அணைக்கிறாயா, அப்படியே ஏணியில் ஏறுகிறாயா? கழற்றிய ஃபியூஸை மேஜையில் வைக்கிறாயா, யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாயா? தப்பாகத் தேர்ந்தெடுத்தால் சாவு. முப்பது வருஷமாகத் தொண்டை கிழியச் சொன்னதையெல்லாம் அந்தச் சாவுப் பெட்டிகளில் கொட்டிவிட்டேன், ஒவ்வொன்றிலும் இறந்தவனுக்கு ஒரு இரங்கல் கூட்டம், அதில் என் உரை. சீக்கிரம் சீக்கிரம் என்று அவனை அரிக்கிற வீட்டுக்கார அம்மாள் யார் என்று உன் அம்மா படித்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு நாள் என் காபியில் சர்க்கரை இல்லை. வகுப்பில் ஆடவிட்டேன், முதல் மணிநேரத்திலேயே முப்பத்துநாலு பேரும் காலி. இரங்கல் உரையைப் படிப்பதற்காகவே வேண்டுமென்று ஈரக்கையோடு கம்பியைத் தொடுகிறார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எதையும் மூன்று தடவை சோதித்துப் பார்ப்பதால் டெஸ்டர் என்று பேர் வாங்கியவள். எழுந்து நின்று, "சார், நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், எப்படி சார் செத்தேன்?" என்று கேட்டாள். எங்கேயாவது அவசரப்பட்டிருப்பாய் என்றேன். மறுபடி ஆடினாள், மறுபடி செத்தாள். கவனம் போதாது என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். மூன்றாம் நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. கரண்ட் வேலை தனக்கு வராது போலிருக்கிறது, வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்று முதல்வரிடம் கேட்டாளாம்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் நானே உட்கார்ந்து ஆடினேன். மெயினை அணைத்தேன், ஃபியூஸைப் பையில் போட்டேன், கரண்ட் இல்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைத்தேன். செத்தேன். என் இரங்கல் உரையை நானே படித்தேன். சரியான வழியின் கடைசிக் கோட்டை, விசிறி ஓடியது என்ற பெட்டிக்கு இழுப்பதற்குப் பதிலாகச் சாவுப் பெட்டிக்கு இழுத்து வைத்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று முழு வகுப்பு முன்னால் சொன்னேன். முப்பது வருஷத்தில் அங்கே நான் சொல்லாத வாக்கியம், நாக்கு கொஞ்சம் மக்கர் பண்ணியது. அவள் திரும்பி வந்துவிட்டாள், கோடுகளையெல்லாம் அவளே மூன்று தடவை சோதித்துக் கொடுத்தாள். முதல்வர் ஏற்றுக்கொண்டார், இரங்கல் உரைகளை மட்டும் பாதியாக்கச் சொன்னார், மனசில்லாமல் குறைத்தேன்.

அவளிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது, உன்னிடம் சொல்ல நாலு மாதம். நீ தப்பான வழியில் போகவில்லையம்மா. என் அவசரத்தில் உன்னைத் திட்டினேன், அது என் தப்பு. ஒரு பாடத்துக்கே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது, நீ தினமும் இதைச் செய்கிறாய் என்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஒரே பிளக்கில் மூன்று சாமான் சொருகாதே. ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மா போனை என்னிடம் கொடுப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன். வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா