அய்யாவின் வலிக்காத கடவாப்பல்

என் ஆசை அய்யாவுக்கு,

உங்கள் மகள் பல் டாக்டர் பாண்டிச்செல்வி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். நான் கல்லூரியில் சேர்ந்த அன்றே பஸ் கண்டக்டரிடம் "டாக்டரம்மாவுக்கு ஒரு சீட்டுக் குடுங்க" என்று சொன்னவர் நீங்கள்தானே?

பங்குனியில் நீங்கள் களத்தில் காயப் போட்டுவிட்டுப் போன மிளகாயை அம்மா ஒரு பழம்கூட வீணாகாமல் அள்ளி விற்றுவிட்டாள். இப்போது ஆடிக் காற்று. உத்தரகோசமங்கை ரோட்டில் புழுதியில் எதிரே வருகிறவர் முகம் தெரிவதில்லை. அம்மாவுக்கு அழுகை வந்தால் ஆட்டைத் திட்டுகிறாள். ஆடும் பழகிவிட்டது, அது பாட்டுக்கு மேய்கிறது.

எனக்குப் பயிற்சி முடியப் போகிறது அய்யா. போன வாரம் எங்கள் கல்லூரி முதல்வர் பயிற்சி டாக்டர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இங்கே கிடைத்த பயிற்சி எப்படி இருந்தது, மனசு விட்டுச் சொல்லுங்கள் என்றார். அங்கே உங்கள் பேச்சுத்தான் ஓடியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் படித்த விதம் உங்களுக்குத் தெரியாததா? இத்தனை பல் எடுத்திருக்க வேண்டும், இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், அப்போதுதான் பரீட்சை. நோயாளியை நாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் ஆள் தேடி அலைந்தபோது, எனக்கு நீங்கள் இருந்தீர்கள். குலசாமி கோயிலுக்கு வேன் பிடிப்பது போல் ஊரையே கிளப்பிக்கொண்டு வந்தீர்கள். "ஏலே முனியாண்டி, ஒனக்குத்தான் கடவாப்பல்லு ஆடுதுல்ல, ஏறு வண்டில. எம்மக பாத்துக்கிருவா!" அதில் என் தோழி நஸ்ரினுக்கும் இரண்டு பேரை ஒதுக்கிக் கொடுத்தீர்கள். கீழக்கரைப் பிள்ளை, இன்றைக்கும் உங்களை 'வாப்பா' என்றுதான் சொல்கிறாள்.

கடைசி வருடம் பரீட்சை நெருங்கியபோது, பல் எடுப்பதில் ஒன்று மட்டும் எனக்குக் குறைந்தது. போனில் அதைச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். மறுநாள் காலை தலையில் துண்டோடு வந்து நின்றீர்கள். "எனக்கே வலிக்குது ஆத்தா. இங்கன, கீழ்க் கடவா. ராத்திரி பூராம் தூக்கமில்ல."

பல்லை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, எங்களை மேற்பார்வை பார்க்கும் சார் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். உங்கள் வாயை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் பல்லெடுக்கும் முன் போடும் மரப்பு ஊசியைத் தயார் செய்து கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் என்னவோ தோன்றி, வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் அந்தப் பல்லை ஒரு தட்டுத் தட்டினேன். "ஆத்தாடி, உசிரு போகுதே!" என்றீர்கள். பக்கத்துப் பல்லைத் தட்டினேன். அதற்கும் அதே உசிரு போனது. கடைசியில் எதையும் தொடாமல் காம்பைப் பக்கத்தில் மட்டும் கொண்டு வந்தேன். "ஆத்தாடி!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "யய்யா, எந்தப் பல்லுமே வலிக்கலையில்ல?"

"அட, இருவத்தெட்டுல ஒண்ணு போனா என்ன? நீ பரீச்ச எழுத வேணாமா?"

எந்த அப்பன் இப்படிச் செய்வான்? ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு உங்களைத் திட்டிய திட்டில் பக்கத்து நாற்காலி நோயாளி எழுந்து ஓடப் பார்த்தார். குறைந்த கேஸ் மறுவாரம் தானாகவே வந்து சேர்ந்தது, அது வேறு கதை.

பொங்கலுக்கு அதே பல்லால் நல்லி எலும்பைக் கடித்து உடைத்து, "எம்மக விட்டுவச்ச பல்லுப்பா இது" என்று பந்தி பூராவும் காட்டினீர்களே. ஊரில் பிள்ளைகள் செய்ததைச் சொல்லித்தான் பெருமை பேசுவார்கள். நீங்கள் நான் செய்யாமல் விட்டதைச் சொல்லிப் பேசினீர்கள்.

முதல்வர் கேட்டதற்கு ஒருவன், நோயாளிக்குப் பஞ்சமில்லை, கை நன்றாகப் பழகியது என்றான். உண்மைதான், என் கையும் இங்கேதான் பழகியது. இன்னொருத்தி புது நாற்காலி வேண்டும் என்றாள். நஸ்ரின் என் தொடையைக் கிள்ளினாள். "சும்மா இருடி. அந்த மேற்பார்வை சார் கையெழுத்துப் போட்டாத்தான் சர்டிபிகேட்டு. எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவோம்."

அவள் சொன்னதும் நியாயம்தான். அந்த சார் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனாலும் எழுந்துவிட்டேன். "நாற்காலி போதும் சார். ஊசியை எடுக்கும்போது பக்கத்துல நிக்க ஒரு ஆள்தான் வேணும்" என்று ஆரம்பித்து, உங்கள் கதையை முழுசாகச் சொன்னேன். நீங்கள் ஆத்தாடி என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "எங்க அய்யா இன்னும் கொஞ்சம் நல்லா நடிச்சிருந்தா, நான் நல்ல பல்லைப் பிடுங்கியிருப்பேன் சார். தடுக்க அங்கன யாருமே இல்ல" என்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

முதல்வர் முன்வரிசையில் இருந்த அந்த சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்பா இப்ப எப்படிம்மா இருக்காரு?"

"பங்குனியில தவறிட்டாரு சார். நெஞ்சுவலி."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தப் பல்லு?"

"அதோடதான் போனாரு."

நஸ்ரின் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இந்த வாரத்திலிருந்து, மேற்பார்வை டாக்டர் நோயாளியின் வாயைத் தானே பார்க்காமல் மாணவர்கள் மரப்பு ஊசி போடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு நிற்கும்? தெரியவில்லை. அந்த சார் எனக்குப் போட வேண்டிய கையெழுத்தை இழுத்தடிக்கிறார். போனால் "நாளைக்கு வா" என்கிறார். நானும் விடாமல் போகிறேன். உங்கள் மகளுக்குப் பிடிவாதத்தைச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

நேற்று ஒரு மாணவி தன் மாமனைக் கூட்டி வந்தாள். நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஊசியை எடுக்கும் முன் பக்கத்தில் போய் நின்று, "முதல்ல தட்டிப் பாரு. அப்புறம் தொடாமயும் பாரு" என்றேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. மாமன் முனகலை நிறுத்திவிட்டார்.

சர்டிபிகேட் எப்போது வந்தாலும் வரட்டும் அய்யா. நான் இருக்கிற இடத்தில், பாசத்துக்காக யார் வாயைத் திறந்தாலும் அவர் பல்லுக்கு நான் காவல். இது உங்கள் கீழ்க் கடவாப்பல்லின் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பொய்யைக் கண்டுபிடித்த மூத்த மகள்,
பாண்டிச்செல்வி