ரவுண்டானாவில் நான் அசைத்த கை

எல்மைரா, ஏப்ரல் 9

வானையும் நிலத்தையும் தம் சொல்லால் நிலைநிறுத்தி, எங்கள் போக்கையும் வரவையும் காத்தருளும் ஆண்டவருக்கே மகிமை உண்டாவதாக.

அன்பு மகள் லொவீனாவுக்கு, அவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலமாயிருக்கிறோம். மனிட்டோபாவில் நீயும் மருமகன் ஏடனும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க நாள்தோறும் மன்றாடுகிறோம். கார் மோதிய செய்தி உன் அக்காள் வழியாக முன்பே வந்திருக்கும். ஒருவருக்கும் காயமில்லை, வலப்பக்கக் கதவு நசுங்கியது, சந்தைக்குக் கொண்டுபோன முட்டைகளில் பதினொன்று உடைந்தன. ஆனால் தவறு யாருடையது என்று தீர மூன்று வாரமாயிற்று. அதை உன் அக்காள் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள் என்பதால் முழுவதும் எழுதுகிறேன்.

ஆற்றுப்பாலத்தை அடுத்த ரவுண்டானாவுக்குள் நான் சுற்றி வந்தபோது, வலப்பக்கச் சாலையின் முனையில் ஒரு நீலக் கார் காத்து நின்றது. உள்ளே சுற்றுகிறவர்க்கே முதல் வழி என்பதை அறிவேன். இருந்தும் வேகத்தைத் தணித்து, ஓட்டிவந்த பெண்ணை முன்னே போகுமாறு கையசைத்தேன். அவள் அசையவில்லை என்றெண்ணி நான் நகர்ந்த நொடியில் அவளும் நகர்ந்தாள். அவள் காரின் முகப்பு நம் கதவில் இடித்தது. இறங்கியதும் அவள், கை காட்டினீங்களே ஐயா, அதை நம்பித்தானே வந்தேன் என்றாள். என்னுடன் காரில் இருந்த உன் அம்மா அவளிடமே, குதிரை வண்டிய விட்டு இறங்கி முப்பது வருஷமாச்சும்மா, இவர் கை இன்னும் இறங்கல என்றாள். குதிரை வண்டி ஓட்டிய நாளில் மேட்டுக்கு மேடு, பின்னால் வரும் கார்களைக் கையசைத்து முன்னே அனுப்பிய அந்தப் பழக்கம்தான்.

அவள் பெயர் டெனிஸ் கோவாக். வீடு வீடாகச் சென்று நோயுற்ற முதியோரைக் குளிப்பாட்டிக் கவனிக்கிறவள். போன குளிர்காலத்துல ஒருதரம் இடிச்சுட்டேன், இன்னொருதரம் முழுத்தப்பும் என்மேலன்னு வந்தா வேலையவிட்டு நிறுத்திருவாங்க என்று அழுதாள். மறுவாரம் காப்பீட்டு அலுவலர், விபத்து நடந்த விதத்தை நான் எழுதித்தர வேண்டிய படிவத்தோடு வந்து கதவைப் பார்த்துவிட்டு, நுழையறவங்கதான் நின்னு வழிவிடணும் பெரியவரே, இந்த நசுங்கலே சாட்சி, கை அசைச்சத யாரும் கேக்கவே இல்லையே, அத எதுக்கு எழுதறீங்க, உங்களுக்கு எண்பத்தொண்ணு, தப்பு உங்க பேர்ல ஏறினா ஓட்டுநர் தேர்வுக்குக் கூப்பிடுவாங்க என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

படிவம் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. எல்லாம் என் பிழை என்று எழுதிவிட்டு ஓயலாம் என நினைத்தேன். பழியைத் தலைமேல் ஏற்பது நம் சபையாருக்கு எளிதில் வருவது. உன் அம்மா விடவில்லை. அதுவும் பொய்தாங்க, அந்தப் பொண்ணும் பார்த்து வந்திருக்கணும், அவ பங்க அவளுக்கு விடுங்க, உங்களுக்கு நல்லவர்ங்கிற பேரு வேணும்னு எழுதாதீங்க என்றாள். அது தைத்தது. ஆகவே நம் சபை வழக்கப்படி சத்தியம் செய்யாமல், உறுதிமொழியாக மட்டும், இவ்வாறு எழுதினேன்: வழி என்னுடையதாக இருந்தது, கையால் அதைக் கொடுத்தேன், பிறகு சொல்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காப்பீட்டு நிறுவனத்தின் தீர்ப்பு வந்தது: இருவர்மீதும் பாதிப்பாதி. டெனிஸ் தொலைபேசியில், பாதி என்னோடதுதான் ஐயா, நானும் பார்த்திருக்கணும், வேலை இருக்கு, திங்கக்கிழம போறேன் என்றாள். எனக்கு இருபதாம் தேதி ஓட்டுநர் தேர்வு. தேறாவிட்டால் உன் அண்ணன் ஓட்டுவான், அதில் குறையில்லை.

மகளே, நீயும் அங்கே அத்தகைய வட்டங்களில் ஓட்டுகிறாய். வழி உன்னுடையதானால் தயங்காமல் போ. நீ போவாய் என்று நம்பித்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள்.

உன் வாசலையும், உள்ளே உறங்குகிறவர்களையும், வெளியே போய்த் திரும்புகிறவர்களையும் ஆண்டவர் தம் கரத்துள் வைத்துக் காப்பாராக. ஆமென்.

உன் அன்பு அப்பா,
ஊரியாஸ் ஃப்ரே